ஸ்பீக்கர் போடாத பேச்சு

மே 28

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதமா என்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள். பயப்படாதீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்பா நலம், அம்மா நலம், மாடி வீட்டுப் பெரியப்பா வழக்கத்தைவிட நலம். போனில் சொல்ல முடியாத ஒரு விஷயம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் வீட்டுப் போன் சட்டம்தான் உங்களுக்குத் தெரியுமே. யார் கூப்பிட்டாலும் ஹாலில் வைத்து, ஸ்பீக்கர் போட்டு, எல்லோர் முன்னாலும்தான் பேச வேண்டும். நான் போனை எடுத்துக்கொண்டு அறைப் பக்கம் நாலு எட்டு வைத்தாலே அம்மா, "எங்களுக்குத் தெரியக்கூடாத சமாச்சாரமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். என் போனோ பரீட்சைக்கு முன்னால் பிடுங்கி வைத்ததுதான், எந்தப் படிப்பு என்று முடிவாகிற வரைக்கும் அலமாரியை விட்டு வராதாம். உங்களுக்கு யாராவது மெசேஜ் அனுப்பினால் அண்ணன்தான் முதலில் படிக்கிறான், அதுவும் வாய்விட்டு. அதனால்தான் உங்கள் தொழிற்சாலை முகவரிக்கே எழுதுகிறேன். பதிலை வீட்டுக்கே அனுப்புங்கள். தபால் பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். ஜூன் இருபதுக்குள் பல்கலைக்கழகத்துக்கு என் விருப்பத்தைச் சொல்ல வேண்டும். என் மார்க்குக்கு முதலில் கேட்பதே கிடைத்துவிடும் என்கிறார்கள். கொடுத்துவிட்டால் மாற்ற முடியாது. வீட்டில் கம்ப்யூட்டர் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. பெரியப்பா முடிவு செய்தார், அப்பா "பாக்கலாம்" என்றார், அப்பாவின் "பாக்கலாம்" எப்போதுமே பெரியப்பா பக்கம்தான் சாயும்.

நான் உலோகவியல் படிக்கப் போகிறேன். உங்கள் படிப்பு.

சிரிக்காதீர்கள். உங்கள் கல்யாண போட்டோ ஒவ்வொன்றிலும் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அண்ணனை வேறு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறவள் என்று உங்கள் மேல் அவ்வளவு கோபம். போன லீவில் அங்கே வந்தபோதுகூட வேண்டாவெறுப்பாகத்தான் வந்தேன். அன்றைக்கு நீங்கள் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனதோடு அந்தக் கோபமெல்லாம் போயிற்று. இரும்பு வார்ப்புகளை வரிசையாகக் கொக்கியில் தொங்கவிட்டிருந்தார்கள். நீங்கள் சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே போனீர்கள். ஒவ்வொன்றும் கணீரென்று எழுந்து, நீளமாக இழுத்து, அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. ஒன்று மட்டும் தட்டின இடத்திலேயே செத்துவிட்டது. நீங்கள் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டு அதைக் கழித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டீர்கள். சுற்றி அத்தனை பேர் நின்றும் ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. இப்படி ஒரு பெண்ணா என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கரண்டியால் எல்லாப் பாத்திரத்தையும் தட்டிப் பார்த்தாயிற்று. பெரிய குக்கர் மூடி சரியில்லை என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. பாத்திரக் கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விளிம்பில் முடி கனத்துக்கு ஒரு கீறல் இருக்கிறது என்றார்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஹாலில் கூடும்போது இந்தப் பேச்சு வரும். நீங்கள் என் பக்கம் பேச வேண்டும். உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிற மாதிரி எல்லாம் தயார் செய்து வைக்கிறேன். ஹாலில் போன் எதிரொலித்துக் கூவுகிறது என்று முன்பு சொல்வீர்களே, இப்போது கூவாது. கண்ணாடி அலமாரிக்கு முன்னால் கனமான திரை போட்டுவிட்டேன். போனை மேஜை மேல் வெறுமனே வைக்காமல் மடித்த துண்டின் மேல் வைக்கிறேன். பெரியப்பாவுக்கு சோபா. அம்மாவுக்கு எப்போதும்போல் ஜன்னல் பக்கத்து நாற்காலி. அவளை இடம் மாற்றிவிட்டால் "என்ன சொன்னா, என்ன சொன்னா" என்று நச்சரித்தே பாதிப் பேச்சைக் கெடுத்துவிடுவாள்.

உங்கள் ரசிகை,
சுண்டு


ஜூன் 3

சுண்டுவுக்கு,

உன் கடிதத்தை கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் கொண்டு வந்து, "மேடம், கையால எழுதின லெட்டர். கோர்ட்டு விவகாரம் ஏதாவதா?" என்று கவலையாகக் கேட்டார். நாத்தனார் எழுதியது என்றேன். அப்படியென்றால் கோர்ட்டேதான் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கம் என்ன. எங்கள் வேலையில் யாரும் பாராட்டுவதில்லை. ஒன்றும் உடையாமல் இருந்தால் எங்களை மறந்துவிடுவார்கள், உடைந்தால் மட்டும் தேடிக்கொண்டு வருவார்கள். எரிச்சலோடு தட்டிக்கொண்டு போன ஒரு காலை நேரத்தை நீ இவ்வளவு அழகாகப் பார்த்து வைத்திருக்கிறாய். திரும்ப எடுத்துப் படித்தேன்.

அந்த ஸ்பீக்கரைப் பற்றி நீயே பேச்சை எடுத்ததால் நானும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அத்தை என்னோடு தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருமுறை வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் பெரியப்பா ஹாலில் எல்லோர் முன்னாலும், "இப்ப வயிறு எப்படிம்மா இருக்கு, ஒழுங்காப் போகுதா?" என்று விசாரித்தார். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த வீட்டுக்கு நல்ல செய்தி மட்டும்தான் என்று. மருமகள் மாமியாரிடம் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருக்கும், சுண்டு. சொல்ல இடம் இல்லை. அத்தைக்கு என்மேல் நம்பிக்கை இல்லை என்றுதான் படுகிறது. போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் பேசுகிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அன்று உடைந்த துண்டு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் காட்டினேனே, அதில் என்ன பார்த்தாய்? யோசிக்காமல், தோன்றியதை எழுது.

உன் அண்ணி


ஜூன் 8

அண்ணிக்கு,

மைக்ராஸ்கோப்பில் என்ன பார்த்தேன் என்று கேட்டிருந்தீர்கள். ஞாபகமில்லை. போதுமா?

ஞாயிற்றுக்கிழமை "உலோகவியலும் நல்ல படிப்புதான், அவசரப்படாம யோசிக்கலாமே" என்று தேன் தடவின மாதிரி பேசிவிட்டு "வெச்சிடறேன் அத்தை" என்றீர்கள். நீங்கள் வைத்துவிட்டீர்கள் என்று நாங்கள் நினைத்தோம், நாங்கள் வைத்துவிட்டோம் என்று நீங்கள் நினைத்தீர்கள் போலிருக்கிறது. யாரும் வைக்கவில்லை. நான் அன்று அத்தனை சிரமப்பட்டு செய்து வைத்த ஏற்பாட்டில் உங்கள் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது.

"அவளுக்கு இரும்பு மேல ஒரு ஆசையும் இல்லீங்க. என் மேலதான் ஆசை. என்னைப் பாத்து இதுல சேர்ந்தா ரெண்டாம் வருஷமே உக்காந்து அழுவா."

அண்ணனிடம் சொன்னீர்கள். எல்லோருக்கும் கேட்டது. பெரியப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அப்ப இது படிப்பு இல்ல, பக்தி" என்றார். நான் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு நீங்கள் என்னைப் பற்றி இன்னும் என்னென்ன சொன்னீர்களோ, எனக்குத் தெரிய வேண்டாம்.

உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் எனக்குக் கடிதத்தில் எழுதியிருக்கலாமே. அதற்குத்தானே கடிதம். நான் உங்கள் மேல் எவ்வளவு மரியாதை வைத்திருக்கிறேன் என்பதை ஒரு ஹால் முழுக்கக் கேலிப்பேச்சாக ஆக்கிவிட்டீர்கள்.

கம்ப்யூட்டரே எழுதிவிடுகிறேன். பெரியப்பாவாவது முகத்துக்கு நேரே சிரிக்கிறார்.

சுண்டு


ஜூன் 11

சுண்டு,

உன் கடிதம் கிடைத்தவுடன் வேலையைப் போட்டுவிட்டு எழுதுகிறேன். நான் சொன்னது தப்பு என்று சொல்ல மாட்டேன். யார் காதில் எப்படி விழுந்தது என்பதுதான் தப்பு, அதற்கு நான் எத்தனை மன்னிப்புக் கேட்டாலும் தகும். உன் முகத்தை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் நீ கதவைச் சாத்திக்கொண்ட பிறகு நான் சொன்னதை நீ கேட்கவில்லை. அது உனக்குத் தெரிய வேண்டாமென்றாலும் நான் எழுதத்தான் போகிறேன். உன் அண்ணன், "அப்ப அவளுக்கு எதுலதான் ஆசை?" என்று கேட்டார். "அந்தப் பொண்ணுக்கு இருக்கிற காது மாதிரி நான் இதுவரைக்கும் பாத்ததில்லை. அதை வெச்சுக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடியும் உக்காரக்கூடாது, என் கூட உலை முன்னாடியும் நிக்கக்கூடாது" என்றேன்.

உன் முதல் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். தொழிற்சாலைக்குள் நீ வந்தாய். வெளிநாட்டிலிருந்து வருகிற பெரிய மனிதர்கள்கூட வாயைப் பிளந்து பார்க்கிற உலை இருக்கிறது, உருகின இரும்பு ஓடுகிறது. அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மைக்ராஸ்கோப்பில் காட்டினபோது மரியாதைக்குக் குனிந்தாய், கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்றாய், நான் பார்த்தேன். ஆனால் எந்த வார்ப்பு எப்படிக் கத்தியது, எவ்வளவு நேரம் இழுத்தது, எது செத்தது, அதெல்லாம் இருக்கிறது. இன்னொன்று சொல்லட்டுமா? செத்தது என்று நீ எழுதியிருக்கிறாயே, அந்த வார்ப்புக்கு முன்னால் இன்னொன்றைத் தாண்டும்போது நீ முகம் சுளித்தாய். நான் அதைத் தட்டிவிட்டு சரியாக இருக்கிறதென்று விட்டுவிட்டேன். சாயங்காலம் அதையும் அறுத்துப் பார்த்தோம். உள்ளே ஓட்டை. அதை அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். என் கௌரவம் விடவில்லை.

அப்புறம் அந்த ஹால். கண்ணாடிக்குத் திரை, மேஜைக்குத் துண்டு, யார் எங்கே உட்கார வேண்டும் என்பது வரைக்கும். உன்னை யாராவது செய்யச் சொன்னார்களா? நீ அதை ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. உலகத்தில் சிலருக்கு அது ஒரு படிப்பு, சுண்டு. ஒலி எப்படிப் பிறக்கிறது, எதில் பட்டுத் திரும்புகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று வருஷக்கணக்காகப் படிக்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையில் ஒலியியல் என்று தனிப் பிரிவே இருக்கிறது. சனிக்கிழமை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். அறிவிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன்.

போ, போகாதே, உன் இஷ்டம். பார்த்துவிட்டு வந்தும் உலோகவியல்தான் என்றால் உன் பையை நானே தூக்கிக்கொண்டு வந்து சேர்த்துவிடுவேன். என்னைப் பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் அதில் சேராதே. என்னைப் பிடித்திருந்தால் லீவுக்கு வா, போதும்.

உன் அண்ணி


ஜூன் 18

அன்புள்ள அண்ணிக்கு,

போனேன். உங்கள் மேல் இருந்த கோபத்தோடுதான் போனேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

தோழியோடு போவதாக இருந்தேன். கிளம்புகிற நேரத்தில் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வர்றேன். உங்க அண்ணி சொன்னாளே ஏதோ காதுன்னு, என்னன்னு பாக்கணும்" என்றாள். ஹாலில் அத்தனை பேர் சிரிப்புக்கும் நடுவில் நீங்கள் கடைசியாகச் சொன்னது அவளுக்கு ஒன்று விடாமல் கேட்டிருக்கிறது. பஸ் முழுக்க அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஒலியியல் பிரிவில் ஒரு அறை இருக்கிறது, அண்ணி. சுவர், கூரை, தரை எல்லாப் பக்கமும் நுரையால் செய்த கூம்புகள் உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. நாம் நிற்பது நடுவில் கட்டின கம்பி வலை மேல். அதற்குள் எந்தச் சத்தமும் திரும்பி வராது. கடைசி வருஷம் படிக்கிற ஒரு அக்காதான் எங்களைக் கூட்டிப்போனாள். கதவை மூடினதும் என் தொண்டையில் எச்சில் இறங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. நான் பேசினேன், என் குரல் வாயை விட்டு வெளியே வந்ததும் காணாமல் போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

பிறகு அந்த அக்கா ஒரு விளையாட்டு வைத்தாள். ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவள் சத்தம் போடாமல் சுற்றி நடந்து, எங்கிருந்தாவது கை தட்டுவாள். சத்தம் வந்த பக்கம் கையை நீட்ட வேண்டும். எல்லோரும் கிட்டத்தட்ட சரியாகத்தான் காட்டினோம். அம்மா முறை வந்தது. அக்கா முன்னால் நின்று தட்டினாள், அம்மா வலப்பக்கம் கை காட்டினாள். பின்னால் நின்று தட்டினாள், வலப்பக்கம். இடது காதுக்குப் பக்கத்திலேயே போய் நின்று தட்டினாள், அப்போதும் வலப்பக்கம். வந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். அந்த அக்கா சிரிக்கவில்லை. தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் மேஜை அம்மாவுக்கு வலப்பக்கம் வரும். அவள் காதுக்கு ஏற்ற மாதிரிதான் அந்த ஹாலையே இத்தனை நாளும் அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். என் கைக்குத் தெரிந்தது என் புத்திக்கு எட்டவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். அம்மாவே சொன்னாள். "உன் அண்ணன் பொறந்தப்ப எனக்கு ஒரு ஜுரம் வந்துச்சு. அதோட இடது காது போச்சு. இப்ப ரெண்டு மூணு வருஷமா வலதும் மந்தமா இருக்கு."

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா எல்லாரும் என்கிட்ட கத்திப் பேசுவீங்க. இல்ல, பேசறதையே விட்டுடுவீங்க. ஸ்பீக்கர் போட்டா எனக்காகப் போட்ட மாதிரி இருக்காதுல்ல. ஏதாவது விட்டுப்போனாலும் உங்க மூஞ்சியெல்லாம் பாத்துப் புரிஞ்சுக்குவேன். பெரியப்பா சிரிச்சா நானும் சிரிச்சுடுவேன்."

அண்ணி, உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. தனியாகப் பேசினால் நீங்கள் சொல்வது பாதி கேட்காமல், "என்ன, என்ன" என்று கேட்டு, படித்த மருமகள் முன்னால் சிறுத்துப் போய்விடுவோமோ என்று பயந்திருக்கிறாள். இத்தனை வருஷம் ஒரு காதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே ஏமாற்றியிருக்கிறாள் என்று நினைத்தால் எனக்கு அழுகையும் வருகிறது, சல்யூட் அடிக்கவும் தோன்றுகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "அம்மா, நான் கம்ப்யூட்டர் எடுக்கலன்னா பெரியப்பா விடமாட்டாரே" என்றேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவரு சோபாவுல என் இடது பக்கம்தான் உக்காருவாரு. அவரு சொன்னது எதுவும் எனக்கு ஒழுங்காக் கேட்டதே இல்ல. கேட்காததுக்கெல்லாம் நான் ஏன் பதில் சொல்லணும்?"

நேற்று மாலை அப்பாவிடம் சொன்னேன். அவர் "பாக்கலாம்" என்று வாயெடுத்தார். அம்மா, "பாத்தாச்சு" என்றாள். இயற்பியல், ஒலியியல் பிரிவு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி மாற்ற முடியாது. மாற்ற வேண்டியும் இல்லை. உங்களுக்காக எடுக்கவில்லை. அம்மாவுக்காகவும் இல்லை, அதையும் நன்றாக யோசித்துவிட்டேன். அந்த அறைக் கதவு மூடினபோது அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்ததே, அதற்காக எடுத்தேன்.

அந்தக் கடைசி வருஷத்து அக்காவே அங்கேயே காது பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்து கொடுத்தாள். அம்மாவின் வலது காதுக்குக் கருவி வைக்கலாமாம். அடுத்த வாரம் வருகிறது.

உங்களோடு சண்டை போட்டதற்கு மன்னித்துவிடுங்கள். நீங்கள் அன்று போனை வைக்க மறந்ததற்கு நானும் மன்னித்துவிட்டேன்.

சுண்டு

பி.கு. நீங்கள் விட்டுவிட்ட அந்த இன்னொரு வார்ப்பு எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. அன்றே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை, எனக்கும் உங்களைத் திருத்தத் தைரியம் இல்லை.


ஜூன் 27

என் சுண்டுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வார்ப்புகளைத் தட்டப் போனேன். அன்றைக்கு ஒழுங்காகத் தட்டவே முடியவில்லை. அத்தையைப் பற்றி இரண்டு வருஷமாக மனதில் ஓட்டிக்கொண்டிருந்த வழக்கு ஒரே நாளில் தள்ளுபடியாகிவிட்டது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த ஸ்பீக்கரைக் கேட்டாலே பல்லைக் கடித்திருக்கிறேன். அந்தப் பக்கம் ஒருவர் என் குரலை ஒரு வார்த்தை விடாமல் பிடித்துவிட வேண்டுமென்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார்.

நீ எடுத்த முடிவைப் பற்றி ஒரே ஒரு வரி. எனக்கு உன் மேல் பொறாமையாக இருக்கிறது. நான் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. பிறகுதான், மெல்ல மெல்ல, பிடித்துப்போனது. உனக்கு முதல் நாளே நடந்துவிட்டது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். கணக்கு கஷ்டமாக இருக்கும், அழுவாய். ஆனால் உன் அழுகையாக இருக்கும்.

நேற்று முன்தினம் மதியம், சாப்பாட்டு நேரத்தில், வீட்டு நம்பரிலிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லையே, என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டு எடுத்தேன். இரைச்சல் இல்லை, பெரியப்பா செருமல் இல்லை. அத்தை மட்டும்தான்.

"காதுல மெஷின் மாட்டியிருக்கேன். போனைக் காதுல வெச்சுப் பேசறேன். வீட்டுல யாரும் இல்ல, எல்லாரையும் அனுப்பிட்டேன். நீ மெதுவா, நிறுத்திப் பேசு. புரியலன்னா திரும்பக் கேப்பேன், கோவிச்சுக்காத" என்றார்.

நான் மெதுவாக, நிறுத்திப் பேசினேன். சிலதை அத்தை திரும்பக் கேட்டார். திரும்பச் சொன்னேன். அழுததை மட்டும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தும் வைக்கவில்லை. வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டு, "நாத்தனாரா?" என்று சைகையில் கேட்டார். மாமியார் என்று சைகை காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு பேரும் என்ன பேசினோம் என்று நீ கேட்பாய். அண்ணனும் கேட்டுப் பார்த்துவிட்டார்.

சொல்ல மாட்டேன், சுண்டு. அத்தை ஸ்பீக்கர் போடவில்லை.

உன் அண்ணி